முகவரியில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும்: வாசகர் கேள்வி–பதில்

மின்னஞ்சல் முகவரியில் கேப்பிட்டல், ஸ்மால் எழுத்து வித்தியாசம் பார்க்கப்படுமா என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். வீட்டில் மெயில் பார்ப்பவர்கள் முதல் அலுவலக சர்வரைக் கவனிப்பவர்கள் வரை பலரும் எழுதியிருந்தார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்திருக்கிறோம்.

வங்கிப் படிவத்தில் எல்லாவற்றையும் கேப்பிட்டல் எழுத்தில் எழுதச் சொன்னார்கள். என் மெயில் ஐடி முழுக்க ஸ்மால் லெட்டர். படிவத்தில் எழுதியபடியே அவர்கள் கணினியில் ஏற்றினால் எனக்கு மெயில் வருமா? — வாசகர், தஞ்சாவூர்

வரும். பொதுமக்கள் பயன்படுத்தும் ஜிமெயில், யாஹூ, அவுட்லுக் எல்லாமே இரண்டு வகை எழுத்தையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கின்றன. '@' குறிக்குப் பின்னால் வரும் டொமைன் பகுதியைப் பற்றிக் கவலையே வேண்டாம். டொமைன் பெயர்களைத் தேடித் தரும் டிஎன்எஸ் முறையில் எழுத்தின் அளவுக்கு எந்த மதிப்பும் இல்லை. சில டிஎன்எஸ் சர்வர்கள், போலிப் பதில்களைக் கண்டுபிடிப்பதற்காகவே, பெயரில் பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் வேண்டுமென்றே கலந்து கேள்வி அனுப்புகின்றன. அதே கலவையில் பதில் திரும்பி வந்தால்தான் ஏற்றுக்கொள்ளும்.

கேப்பிட்டலில் எழுதும்போது வரும் உண்மையான ஆபத்து வேறு. ஓ எழுத்தும் சைபரும், ஐ எழுத்தும் ஒன்று என்ற எண்ணும், அடிக்கோடும் சிறு கோடும் ஒன்றுக்கொன்று மாறிப்போகும். சைபருக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டு எழுதுங்கள். அடிக்கோடு இருந்தால் பக்கத்திலேயே 'அண்டர்ஸ்கோர்' என்று குறித்துவிடுங்கள். கடவுச்சொல்லுக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. அதில் ஒரு எழுத்தின் அளவு மாறினாலும் உள்ளே விடாது.

கல்லூரியில் 'மின்னஞ்சல் முகவரியின் முதல் பகுதி கேஸ் சென்சிட்டிவ்' (எழுத்தின் அளவைப் பிரித்துப் பார்ப்பது) என்று படித்தோம். நடைமுறையில் அப்படி இல்லையே. எது சரி? — மாணவி, கோயம்புத்தூர்

இரண்டும் சரிதான். மெயிலைச் சர்வரிலிருந்து சர்வருக்குக் கடத்தும் எஸ்எம்டிபி விதிகளின் இன்றைய அடிப்படை ஆவணம் 2008 அக்டோபரில் வந்த ஆர்எஃப்சி 5321 (ஆர்எஃப்சி என்பது இணைய விதிகளை வெளியிடும் ஆவண வரிசை). அதற்கு முன்னோடிகள் 1982-இன் 821, 2001-இன் 2821. '@' குறிக்கு முன்னால் உள்ள பகுதியை எழுத்தின் அளவு மாறாமல் காப்பாற்ற வேண்டும் என்று இது கட்டளையிடுகிறது. அதே பத்தியிலேயே, பெரிய எழுத்து வேறு, சின்ன எழுத்து வேறு என்று பெட்டிகளைப் பிரித்து வைப்பது சர்வர்களுக்கு இடையிலான பரிமாற்றத்தைக் கெடுக்கும், அதைச் செய்யாதீர்கள் என்றும் சொல்கிறது.

முரண்பாடு போலத் தெரியும். ஆனால் இரண்டு கட்டளைகளும் இரண்டு வேறு ஆட்களுக்கு. முதலாவது வழியில் நிற்பவருக்கு. முகவரியின் முதல் பகுதிக்கு என்ன பொருள் என்று சொல்லும் உரிமை, அந்த டொமைனுக்கான சர்வருக்கு மட்டுமே உண்டு. அனுப்புகிறவரும் நடுவில் கடத்துகிறவரும் கைவைக்கக் கூடாது. இரண்டாவது கட்டளை, பெட்டியை வைத்திருக்கும் கடைசி சர்வருக்கு. தபால்காரர் உறை மேல் எழுதியிருப்பதைத் திருத்துவதில்லை. வீட்டுக்காரரோ தன் பெயரை எப்படி எழுதியிருந்தாலும் கடிதத்தை வாங்கிக்கொள்கிறார். அதே ஏற்பாடுதான்.

இந்த எச்சரிக்கைக்குக் காரணம் வரலாறு. 1970-களிலும் 80-களிலும் வலையில் இருந்த கணினிகள் ஒரே இனமல்ல. யூனிக்ஸ் பயனர் பெயர்களில் எழுத்தின் அளவைப் பிரித்துப் பார்த்தது. வேறு சில கணினிகளுக்குச் சின்ன எழுத்தே தெரியாது. யூனிக்ஸிலேயே, பயனர் பெயரை முழுக்க கேப்பிட்டலில் தட்டினால், 'இந்தத் தட்டச்சுப் பொறியில் பெரிய எழுத்து மட்டும்தான் இருக்கிறது போலும்' என்று கணினி எடுத்துக்கொண்டு, வருகிற எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக மாற்றிப் படித்த காலம் உண்டு. இப்படிப்பட்ட கூட்டத்தில் நடுவழியில் நிற்கும் சர்வர் தன் ஊகத்தைத் திணித்தால் கடிதம் தொலைந்துபோகும்.

விதியிலேயே ஒரு விலக்கும் உண்டு. 'போஸ்ட்மாஸ்டர்' என்ற முகவரியை எந்த அளவு எழுத்தில் எழுதினாலும் சர்வர் ஏற்க வேண்டும்.

எங்கள் நிறுவனத்தில் மெயிலை வாங்கிக் கடத்தும் போஸ்ட்ஃபிக்ஸும், அதைப் பெட்டிகளில் வைத்துக் காட்டும் டவ்காட்டும் ஓடுகின்றன. பயனர் பட்டியல் மைஎஸ்கியூஎல் தரவுதளத்தில். 'முத்து' என்ற பெட்டிக்கு வரும் மெயில்களில் சில வரவில்லை என்று புகார். அனுப்பியவருக்கு பவுன்ஸ் (மெயில் சேரவில்லை என்ற அறிவிப்பு) எதுவும் போகவில்லை. சர்வரில் பார்த்தால் சின்ன எம்மில் தொடங்கும் 'முத்து' என ஒரு ஃபோல்டர், பெரிய எம்மில் தொடங்கும் 'முத்து' என இன்னொன்று. வராத மெயில்களெல்லாம் இரண்டாவதில் கிடக்கின்றன. எப்படிச் சரிசெய்வது? — சர்வர் நிர்வாகி, திருப்பூர்

பவுன்ஸ் வந்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். இதுவோ சத்தமில்லாமல் நடப்பது. அதனால் காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

மெயில் மூன்று இடங்களைக் கடக்கிறது. போஸ்ட்ஃபிக்ஸ் பட்டியலில் தேடும்போது, தேடும் சொல்லைத் தானே சின்ன எழுத்தாக்கிக்கொள்ளும்; அதனால் 'இப்படி ஒரு பெட்டி உண்டு' என்று ஏற்றுக்கொள்கிறது. ஆனால் கடத்தும்போது முகவரியை வந்தபடியேதான் கடத்தும். அடுத்து டவ்காட் மைஎஸ்கியூஎல்லைக் கேட்கிறது. மைஎஸ்கியூஎல்லின் இயல்பான ஒப்பீட்டு முறையில் பெரிய எம்மும் சின்ன எம்மும் ஒன்றே. 'உண்டு' என்று பதில் வருகிறது. கடைசியில் டவ்காட் பெட்டியின் பாதையைப் பயனர் பெயரிலிருந்து கட்டுகிறது. அங்கே லினக்ஸ் கோப்பு முறைக்குப் பெரிய எம் வேறு, சின்ன எம் வேறு. ஃபோல்டர் இல்லையென்றால் புதிதாக உருவாக்கி மெயிலைப் போட்டுவிடும். இரண்டு பேர் 'ஒன்றுதான்' என்கிறார்கள், மூன்றாமவர் 'இல்லை' என்கிறார்; மெயில் தொலைவது இந்த இடைவெளியில்தான். மேக் கணினியில் சோதித்துப் பார்த்தால் இந்தப் பிழை தெரியவே தெரியாது. அதன் இயல்பான கோப்பு முறை எழுத்தின் அளவைப் பிரித்துப் பார்ப்பதில்லை.

பூட்ட வேண்டிய இடம் இரண்டு.

டவ்காட்டின் 'ஆத் யூசர்நேம் ஃபார்மட்' என்ற அமைப்பைப் பாருங்கள். 2.3 பதிப்பில் இதன் இயல்பு மதிப்பு சதவீதக் குறி, பெரிய எல், சின்ன யூ. நடுவில் உள்ள எல் தான் 'சின்ன எழுத்தாக்கு' என்ற கட்டளை. யாரோ அதை எடுத்துவிட்டு சதவீதக் குறியும் யூவும் மட்டும் வைத்திருப்பார்கள், அல்லது வெறுமையாக விட்டிருப்பார்கள். பழையபடி மாற்றுங்கள். 2.4 பதிப்பில் எழுதும் முறை மாறிவிட்டது. அங்கே நெளி அடைப்புக்குள் 'யூசர்', ஒரு செங்குத்துக் கோடு, பிறகு 'லோவர்'. மெயில் இருக்கும் பாதையைச் சொல்லும் வரியிலும் டொமைன், பெயர் இரண்டுக்கும் எல் சேர்த்து எழுதுவது இரட்டைப் பூட்டு.

அடுத்தது போஸ்ட்ஃபிக்ஸ். பைப் (மெயிலை வேறொரு நிரலிடம் கொடுக்கும் போஸ்ட்ஃபிக்ஸ் பகுதி) வழியாக டவ்காட்டின் டெலிவரி நிரலைக் கூப்பிடுகிறீர்கள் என்றால், 'மாஸ்டர்' கோப்பில் அந்தச் சேவைக்கான கொடிகளைப் பாருங்கள். டி, ஆர் என்று மட்டும் இருந்தால் போதாது. அவற்றோடு சின்ன ஹெச், சின்ன யூ இரண்டும் வேண்டும். ஹெச் டொமைனையும் யூ முதல் பகுதியையும் சின்ன எழுத்தாக்கும். போஸ்ட்ஃபிக்ஸின் சொந்த 'லோக்கல்', 'விர்ச்சுவல்' டெலிவரி நிரல்கள் இதைத் தாமாகவே செய்யும். பைப் செய்யாது, நாம்தான் சொல்ல வேண்டும். எல்எம்டிபி (பெட்டி சர்வரிடம் மெயிலை ஒப்படைக்கும் இன்னொரு முறை) வழியாகக் கொடுப்பவர்களுக்கு இந்தக் கொடிகள் இல்லை; டவ்காட் பக்கப் பூட்டையே நம்ப வேண்டும்.

இனி சிதறிக் கிடக்கும் மெயிலைச் சேர்ப்பது. வரிசை முக்கியம்.

முதலில் உள்ளே கொடுப்பதை நிறுத்துங்கள், வாங்குவதை நிறுத்த வேண்டாம். போஸ்ட்ஃபிக்ஸில் 'டிஃபர் டிரான்ஸ்போர்ட்ஸ்' என்ற அமைப்பில் டவ்காட் சேவையின் பெயரைப் போட்டு ரீலோட் செய்தால், வெளியிலிருந்து வரும் மெயில்கள் வரிசையில் காத்திருக்கும். வரிசையின் இயல்பான ஆயுள் 5 நாள் என்பதால் அவசரப்பட வேண்டியதில்லை.

பிறகு மெயில் ஃபோல்டர் முழுவதையும் டார் செய்து (ஒரே கோப்பாகக் கட்டி) வேறு டிஸ்கில் வையுங்கள். பிரதி எடுக்காமல் அடுத்த படிக்குப் போகவே கூடாது.

பாதிப்பு முத்துவோடு நிற்காது. ஃபைண்ட் கட்டளையால் டொமைன் ஃபோல்டருக்குள் ஒரே ஒரு ஆழத்தில், பெயரில் பெரிய எழுத்து உள்ள எல்லா ஃபோல்டரையும் பட்டியலிடுங்கள். தேடும் வடிவத்தில் 'ஏ முதல் இஜட் வரை' என்று கொடுக்காமல் 'அப்பர்' என்ற எழுத்து வகையைக் கொடுங்கள். சில மொழி அமைப்புகளில் முதல் முறை சின்ன எழுத்தையும் சேர்த்து அள்ளிவிடும், பட்டியல் பொய்யாகிவிடும்.

இப்போது மேலே சொன்ன இரண்டு பூட்டுகளையும் போட்டு டவ்காட்டை ரீலோட் செய்யுங்கள். 'டவ்ஆட்ம் யூசர்' கட்டளைக்குப் பெரிய எம் உள்ள முகவரியைக் கொடுத்துப் பாருங்கள். அது காட்டும் ஹோம் பாதை சின்ன எம்மில் இருந்தால் பூட்டு விழுந்துவிட்டது. இல்லையென்றால் 'டவ்கான்ஃப்' கட்டளையை 'என்' தேர்வோடு ஓட்டி, எந்தக் கோப்பு மதிப்பை மேலெழுதுகிறது என்று தேடுங்கள். 'கான்ஃப் டாட் டி' ஃபோல்டரில் பின்னால் வரும் கோப்பே ஜெயிக்கும்.

சேர்ப்பதற்கு 'டவ்ஆட்ம் இம்போர்ட்' போதும். யாருடைய பெட்டிக்கு என்பதற்குச் சின்ன எழுத்து முகவரி, மூலத்துக்கு 'மெய்ல்டிர்' என்ற முன்னொட்டோடு பெரிய எம் ஃபோல்டரின் பாதை, சேர வேண்டிய தாய் ஃபோல்டருக்கு வெறும் மேற்கோள் குறிகள், கடைசியாக 'ஆல்'. இன்பாக்ஸ் இன்பாக்ஸுக்குள்ளும், சென்ட் சென்டுக்குள்ளும் போய்ச் சேரும். முன்னும் பின்னும் 'டவ்ஆட்ம் மெயில்பாக்ஸ் ஸ்டேட்டஸ்' மூலம் எண்ணிக்கை பாருங்கள். பழையதில் 1,200, சிதறியதில் 37 என்றால் முடிவில் 1,237 வர வேண்டும்.

கோப்புகளைக் கையால் நகர்த்தினால் என்ன என்று சிலர் கேட்பார்கள். நகர்த்தலாம். மெய்ல்டிர் கோப்புப் பெயர்கள் ஒன்றோடொன்று மோதாதபடியே உருவாக்கப்படுகின்றன. ஆனால் பெரிய எம் ஃபோல்டரிலுள்ள 'டவ்காட் யுஐடி லிஸ்ட்' கோப்பைத் தவறிப்போய் நல்ல பெட்டியின் மேல் எழுதிவிட்டால், பெட்டியின் அடையாள எண் மாறி, அந்தப் பயனரின் எல்லாக் கருவிகளும் முழுப் பெட்டியையும் மறுபடி இறக்கத் தொடங்கும். கையால் செய்தால் 'நியூ', 'கர்' ஃபோல்டர்களின் உள்ளடக்கத்தை மட்டும் தொடுங்கள். உரிமையாளர் 'விமெயில்' பயனராகவே இருக்கிறதா என்று சரிபாருங்கள்.

பெரிய எம் ஃபோல்டரில் சீவ் வடிகட்டி ஏதும் இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டு, அதன் பெயரை மாற்றி இரண்டு வாரம் வைத்திருங்கள். 'டிஃபர்' அமைப்பை எடுத்து, 'போஸ்ட்கியூ' கட்டளையால் வரிசையைத் தள்ளிவிடுங்கள். மறுநாள் ஃபைண்டை மறுபடி ஓட்டுங்கள். புதிய பெரிய எழுத்து ஃபோல்டர் ஒன்றுகூட முளைத்திருக்கக் கூடாது.

பழைய யூனிக்ஸ் கணக்கு ஒன்றின் பெயரே பெரிய எழுத்தில் தொடங்குகிறது. அந்தக் கணக்கில் உள்ளே நுழைய முடிகிறது. மெயில் மட்டும் 'யூசர் அன்னோன்' என்று திரும்புகிறது. ஏலியாஸ் (மாற்றுப் பெயர்) போட்டும் பலனில்லை. — வாசகர், யாழ்ப்பாணம்

போஸ்ட்ஃபிக்ஸின் லோக்கல் நிரல் பெயரைச் சின்ன எழுத்தாக்கிவிட்டுத்தான் பாஸ்வேர்டு கோப்பில் தேடுகிறது. அங்கே பெரிய எழுத்துப் பெயர் மட்டும் இருந்தால் கிடைக்காது. 550 என்று திருப்பிவிடும். ஏலியாஸின் வலப்பக்கம் பெரிய எழுத்தில் எழுதினாலும் அது மறுபடி சின்ன எழுத்தாகித் தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்கும்.

கணக்கின் பெயரையே மாற்றுவதுதான் நல்ல தீர்வு. 'யூசர்மாட்' கட்டளையில் 'எல்' தேர்வு பெயரை மாற்றும். 'டி', 'எம்' இரண்டும் சேர்ந்து ஹோம் ஃபோல்டரை நகர்த்தும். மெயில் ஸ்பூல் கோப்பு, கிரான் பட்டியல், சூடோ அனுமதி ஆகிய மூன்றிலும் பழைய பெயர் இருக்கலாம், தேடி மாற்றுங்கள்.

சென்ட்மெயில் என்ற மெயில் சர்வரில் வேறு வழி உண்டு: லோக்கல் மெயிலருக்கு 'யூ' கொடி சேர்த்தால் எழுத்தின் அளவு காப்பாற்றப்படும். எக்ஸிம் என்ற இன்னொரு சர்வரில் ரவுட்டரின் (மெயில் எங்கே போக வேண்டும் என்று தீர்மானிக்கும் பகுதியின்) 'கேஸ்ஃபுல் லோக்கல் பார்ட்' என்ற தேர்வு அதே வேலையைச் செய்யும். ஆனால் இதைப் போட்டவுடன் மற்றப் பயனர்களுக்கு யாராவது கேப்பிட்டலில் எழுதினால் அது திரும்பத் தொடங்கும். ஒருவருக்காக எல்லோரையும் பிழைக்கு ஆளாக்குவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். எக்ஸிமில் அதைச் செய்தே ஆக வேண்டும் என்றால், அந்த ஒரு பெயருக்கு மட்டும் பொருந்தும் தனி ரவுட்டரை முன்னால் வையுங்கள்.

எங்கள் ரிலே சர்வரில் முகவரி எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக்கிவிட்டு அனுப்புகிறோம், சீராக இருக்கட்டும் என்று. அதன் பிறகு சில மெயில்கள் டிகிம் சோதனையில் தோற்கின்றன. தொடர்பு உண்டா? — வாசகர், சென்னை

உண்டு. டிகிம் என்பது அனுப்பும் டொமைன் போடும் டிஜிட்டல் கையெழுத்து. அது மெயிலின் உடலையும் தேர்ந்தெடுத்த தலைப்பு வரிகளையும் பூட்டுகிறது. 'ரிலாக்ஸ்டு' முறையில் தலைப்பின் பெயர் சின்ன எழுத்தாக்கப்படும், இடைவெளிகள் சுருக்கப்படும், அவ்வளவுதான். தலைப்பின் மதிப்பில் ஒரு எழுத்தின் அளவு மாறினாலும் கையெழுத்து உடையும். பெறுநர் வரியிலோ அனுப்புநர் வரியிலோ நீங்கள் கைவைத்தவுடன் தோல்வி நிச்சயம்.

உறை முகவரியை (சர்வர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் முகவரியை) மட்டும் மாற்றினால் டிகிம் தப்பும், வேறொன்று உடையும். பவுன்ஸைக் கண்டுபிடிக்கவும், சந்தாவை உறுதிசெய்யவும் பல நிரல்கள் முகவரியின் முதல் பகுதிக்குள் ரகசியக் குறியீடு வைக்கின்றன. அது, இரண்டு வகை எழுத்தையும் பயன்படுத்தும் பேஸ்64 முறையில் இருந்தால் பெரிய ஏயும் சின்ன ஏயும் இரண்டு வேறு மதிப்புகள். நீங்கள் சின்ன எழுத்தாக்கிய நொடியில் குறியீடு செத்துவிடும். 'சந்தாவை உறுதிசெய்ய இதற்குப் பதில் எழுதவும்' என்று வந்த மெயிலுக்குப் பதில் போட்டும் ஒன்றும் நடக்காமல் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

ரிலேயில் அந்த மாற்றத்தை இன்றே எடுத்துவிடுங்கள். நீங்களே இப்படிக் குறியீடு உருவாக்குபவராக இருந்தால் பேஸ்64-ஐ விட்டு, ஹெக்ஸ் அல்லது பேஸ்32-க்கு மாறுங்கள். 20 பைட் குறியீடு பேஸ்64-இல் 27 எழுத்து, பேஸ்32-இல் 32, ஹெக்ஸில் 40. முதல் பகுதியின் உச்ச வரம்பு 64 பைட் என்பதால் மூன்றும் அடங்கும். பின்னிரண்டையும் யார் எந்த அளவு எழுத்தாக்கினாலும் திரும்பப் படித்துவிடலாம்.

எங்கள் இணையதளத்தில் ஒரே ஆள் இரண்டு கணக்கு வைத்திருக்கிறார்: ஒன்று பெரிய எழுத்தில் தொடங்கும் மெயில் ஐடியோடு, இன்னொன்று சின்ன எழுத்தோடு. முகவரியைச் சேமிக்கும்போதே சின்ன எழுத்தாக்கிவிடலாமா? — மென்பொருள் பணியாளர், மதுரை

வந்தபடியே தரவுதள அட்டவணையின் ஒரு பத்தியில் வையுங்கள். ஒப்பிடுவதற்கென்று சின்ன எழுத்தாக்கிய வடிவத்தை இன்னொரு பத்தியில் வையுங்கள். மெயில் அனுப்ப முதலாவது, கணக்கைத் தேடவும் தனித்தன்மை பார்க்கவும் இரண்டாவது. போஸ்ட்கிரெஸ் தரவுதளத்தில் இரண்டாவது பத்திகூட வேண்டாம். 'லோவர்' செயல்பாட்டின் மேல் யுனீக் இண்டெக்ஸ் போட்டால் போதும், அல்லது 'சிஐ டெக்ஸ்ட்' நீட்சியைப் பயன்படுத்தலாம். போஸ்ட்கிரெஸ் இயல்பில் எழுத்தின் அளவைப் பிரித்துப் பார்க்கும்; நீங்கள் அதைப் பயன்படுத்தினால் இரட்டைக் கணக்கு உருவானது அதனால்தான். மைஎஸ்கியூஎல் 8.0-இல் நிலைமை நேர் எதிர். அதன் இயல்பான ஒப்பீட்டு முறை எழுத்தின் அளவை மட்டுமல்ல, எழுத்தின் மேல் வரும் உச்சரிப்புக் குறிகளையும் புறக்கணிக்கிறது. குறியிட்ட ஈயும் குறியில்லாத ஈயும் அதற்கு ஒன்று. அங்கே ஒப்பிடும் பத்திக்கு 'பின்' வகை ஒப்பீட்டைக் கொடுங்கள்.

சின்ன எழுத்தாக்கும் வேலையையும் கவனித்துச் செய்ய வேண்டும். ஆஸ்கி அட்டவணையில் பெரிய ஏ 65, சின்ன ஏ 97. எல்லா எழுத்துக்கும் 32 கூட்டினால் ஆயிற்று. ஆனால் நிரல்மொழியின் பொதுச் செயல்பாடு கணினியின் மொழி அமைப்பைப் பார்த்து நடக்கலாம். துருக்கி மொழியில் பெரிய ஐக்குச் சின்ன எழுத்து, புள்ளி இல்லாத ஐ. ஜாவாவில் 'லோக்கேல் ரூட்' என்று குறிப்பிடாமல் மாற்றினால், துருக்கி அமைப்புள்ள கணினியில் ஐ உள்ள முகவரிகள் எல்லாம் வேறாகிவிடும்.

இதே புள்ளியில்லாத ஐ பாதுகாப்புப் பிரச்சினையாகவும் வந்தது. 2019 டிசம்பரில், இணையதளம் கட்ட உதவும் ஜாங்கோ கட்டமைப்பில் சரிசெய்யப்பட்ட பிழை ஒன்று; பாதுகாப்புப் பிழைகளின் பட்டியலில் அதன் எண் சிவிஇ-2019-19844. கடவுச்சொல்லை மீட்கும் படிவத்தில் ஒருவர், உங்கள் முகவரியைப் போலவே இருந்து ஒரே ஒரு யூனிகோடு எழுத்து மட்டும் மாறிய தன் முகவரியைக் கொடுப்பார். அளவு பார்க்காத ஒப்பீட்டில் அது உங்கள் கணக்கோடு பொருந்தும். மீட்பு இணைப்போ, படிவத்தில் தட்டிய முகவரிக்குப் போகும். அதாவது அவருக்கு. தரவுதளத்தில் ஏற்கெனவே உள்ள முகவரிக்கு மட்டுமே இணைப்பை அனுப்புவது என்று மாற்றினார்கள். உங்கள் நிரலிலும் இந்த ஒரு வரியை இன்றைக்கே சரிபாருங்கள், மற்றவை காத்திருக்கலாம்.

இரட்டைக் கணக்குகளைக் கண்டுபிடிக்க, சின்ன எழுத்தாக்கிய முகவரியால் குழுவாக்கி, ஒன்றுக்கு மேல் உள்ளவற்றை எடுங்கள். உறுதிசெய்யப்படாத கணக்கை உறுதிசெய்யப்பட்டதோடு தானாக இணைக்காதீர்கள். முகவரிக்கு உரியவர் அல்லாத யாரோ தொடங்கி வைத்ததாகவும் அது இருக்கலாம். முகவரிக்கு மெயில் அனுப்பி, சம்மதம் வந்த பிறகு இணையுங்கள். எல்லாம் தீர்ந்த பிறகே யுனீக் இண்டெக்ஸ் போட முடியும்.

பெரிய எழுத்து எங்கிருந்து வருகிறது என்றும் பாருங்கள். பெரும்பாலும் கைபேசியில் இருந்துதான். உள்ளீட்டுப் பெட்டியின் வகை 'டெக்ஸ்ட்' என்றிருந்தால் விசைப்பலகை முதல் எழுத்தைத் தானே பெரிதாக்கும். வகையை 'இமெயில்' என்று மாற்றினால் அது நின்றுவிடும். சொல் பரிந்துரையைத் தட்டினால் கடைசியில் ஒட்டிக்கொள்ளும் இடைவெளியையும் வெட்டுங்கள்.

ஒரு வேண்டுகோள். 'ஜிமெயில் புள்ளியைப் பார்க்காது' என்று படித்துவிட்டு, எல்லா முகவரிகளிலிருந்தும் புள்ளியை நீக்கிவிடாதீர்கள். மற்ற சேவைகளில் புள்ளி வைத்ததும் வைக்காததும் இரண்டு வேறு மனிதர்கள். கூகுளிலேயே, அலுவலகங்களும் பள்ளிகளும் சொந்த டொமைனில் வைத்திருக்கும் முகவரிகளுக்குப் புள்ளி கணக்கில் வரும்.

ஐமேப் (சர்வரில் உள்ள பெட்டியைப் படிக்கும் முறை) ஃபோல்டர் பெயர்களுக்கும் இதே விதியா? — வாசகர், ஈரோடு

'இன்பாக்ஸ்' என்ற ஒரு பெயரை எப்படி எழுதினாலும் ஒன்றே. மற்ற ஃபோல்டர்கள் சர்வரைப் பொறுத்தவை. லினக்ஸில் ஓடும் டவ்காட்டில் பெரிய பி, சின்ன பி என 'பில்ஸ்' இரண்டு ஃபோல்டர்களாக இருக்கலாம். முகவரியில் கூட்டல் குறி போட்டு அதன் பின்னால் வரும் சொல்லின் பெயரிலேயே ஃபோல்டரில் சேர்க்கும் வசதியை வைத்திருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். சீவ் வடிகட்டியில் முகவரியை ஒப்பிடும் சோதனை, இயல்பில் எழுத்தின் அளவைப் பார்ப்பதில்லை. எந்த ஃபோல்டரில் போட வேண்டும் என்று எழுதும் வரியில்தான் அளவு சரியாக இருக்க வேண்டும்.

தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்தே கிடையாது. அப்படியானால் தமிழ் மின்னஞ்சல் முகவரிக்கு இந்தத் தொல்லை இல்லை அல்லவா? — வாசகர், சிங்கப்பூர்

இந்தத் தொல்லை இல்லை, இதன் தம்பி உண்டு.

.இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என்று மூன்று தமிழ் உயர்நிலை டொமைன்கள் இருக்கின்றன. முகவரியின் முதல் பகுதியிலும் தமிழ் எழுத 2012-இல் வந்த ஆர்எஃப்சி 6530, 6531, 6532 வழி செய்தன. போஸ்ட்ஃபிக்ஸ் 3.0 முதல் இதை ஆதரிக்கிறது. ஜிமெயில் 2014 முதல் இத்தகைய முகவரிகளுக்கு மெயில் அனுப்பவும் அவற்றிலிருந்து பெறவும் செய்கிறது.

தமிழில் பிரச்சினை, ஒரே எழுத்தை இரண்டு விதமாகத் தட்டலாம் என்பது. 'கொ' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ககரமும் ஒகரக் குறியும் என இரண்டு யூனிகோடு எண்களில் எழுதலாம். ககரம், எகரக் குறி, கால் என மூன்று எண்களிலும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்று. சர்வரின் பைட் ஒப்பீட்டில் வேறு வேறு. மெயில் 'அப்படி ஒருவர் இல்லை' என்று திரும்பும். இதற்கு மருந்து, என்எஃப்சி என்ற ஒழுங்குபடுத்தல். அது மூன்றை இரண்டாகச் சேர்த்துவிடும். பெட்டியை உருவாக்கும்போது பெயரை என்எஃப்சி ஆக்கி வையுங்கள். அனுப்புகிறவர் மென்பொருள் அதைச் செய்யாமல் அனுப்பலாம் என்பதால், பிரித்த வடிவத்தையும் ஏலியாஸாகச் சேர்த்துவிடுங்கள்.

என்எஃப்சி தீர்க்காதவையும் உண்டு. 'ஔ' என்ற எழுத்தைச் சிலர் ஒகரமும் ளகரமுமாகத் தட்டுகிறார்கள். பார்வைக்கு ஒன்று, யூனிகோடுக்கு இரண்டு வேறு சொற்கள். 'ஸ்ரீ' இன்னும் மோசம். ஸகரத்தில் தொடங்கும் வடிவம் ஒன்று. 2005-இல் யூனிகோடு 4.1-இல் சேர்க்கப்பட்ட ஶகரத்தில் தொடங்கும் வடிவம் இன்னொன்று. பல எழுத்துருக்களில் இரண்டும் அச்சு அசலாக ஒரே உருவம். ஸ்ரீதர், ஸ்ரீதேவி போன்ற பெயர்களுக்குப் பெட்டி கொடுக்கும் நிர்வாகி இரண்டு வடிவங்களையும் அதே ஆளுக்கே ஒதுக்க வேண்டும். ஒன்றை விட்டுவைத்தால் வேறொருவர் அதை வாங்கி, அவர் பெயரில் மெயில் அனுப்பலாம். சில விசைப்பலகைகள் நுழைக்கும் கண்ணுக்குத் தெரியாத பிரிப்புக் குறியையும் பெட்டிப் பெயரில் அனுமதிக்காதீர்கள்.

நீளத்தையும் பாருங்கள். 64 பைட் வரம்பு தமிழுக்கும் அதேதான். யூனிகோடு எழுத்தைப் பைட்டாக மாற்றும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் ஆகும். ஆக 21 குறிகள்தான். 'முத்துக்குமார்' 14 குறி, 42 பைட், தாராளமாக அடங்கும். தகப்பனார் பெயரையும் முழுதாகச் சேர்த்தால் பெரும்பாலும் அடங்காது.

கடைசியாக, எதிர்ப்பக்க சர்வருக்கு இந்த வசதி இல்லையென்றால் மெயில் போகாது, திரும்பிவிடும். அதனால் ஒவ்வொரு தமிழ் முகவரிக்கும் ஆங்கில எழுத்தில் ஒரு முகவரியையும் அதே பெட்டிக்குச் சேர்த்துக் கொடுங்கள், முழுக்கச் சின்ன எழுத்தில்.